பஸில் காலத்து உடை சரியாக உட்காரவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் வழி

1870களிலும் 1880களிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் உடுத்திய, பின்புறம் புடைத்து நிற்கும் உடையை அந்தக் காலத்து வெட்டுப் படங்களிலிருந்து தைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் தைத்துக் கொண்டுவந்ததைப் பிரித்துச் சரிசெய்து கொடுக்கும்போது திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். வெளியே தெரிகிற சுருக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் வெளித்துணியில் இருப்பதில்லை. அதற்கு அடியில் உள்ள அடுக்கிலோ அளவெடுத்த விதத்திலோ இருக்கும். வெளித்துணியை வெட்டிவிட்டால் திரும்பக் கிடைக்காது. அதனால் கத்தரிக்கோலைக் கடைசியாக எடுங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் உள்ளுடைகளை எல்லாம் வரிசையாக அணிந்த பிறகே பாருங்கள். காலுறை, காலணி, ஷெமீஸ் (உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்சட்டை), கோர்செட் (பின்னால் கயிறு கட்டி இறுக்கும் விறைப்பான உள்ளுடை), பஸில் (பாவாடையைப் பின்னால் புடைத்து நிறுத்தும் சட்டகம்), உள்பாவாடை, அப்புறம்தான் வெளிப்பாவாடையும் மேல்சட்டையும். காலணியை முதலிலேயே போடச் சொல்வதற்குக் காரணம், கோர்செட் கட்டிய பிறகு குனிவது கஷ்டம். காலணியின் குதிகால் உயரம் இல்லாமல் பாவாடையின் நீளமும் சரியாகத் தெரியாது. கோர்செட் இல்லாமல் போட்டுப் பார்த்துச் செய்த எந்தத் திருத்தமும் செல்லாது.

## வெட்டிய துண்டுகள் உடம்புக்குப் போதவில்லை, அல்லது ஒன்றோடொன்று பொருந்தவில்லை

### எல்லாத் துண்டுகளும் ஒரே விகிதத்தில் சிறிதாகவோ பெரிதாகவோ இருந்தால்

அச்செடுத்ததில் பிழை. அச்சு இயந்திரம் தாளுக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கியிருக்கும். படத்தில் அளவுச் சதுரம் இருந்தால் அதை ஸ்கேலால் அளந்து பாருங்கள். எட்டில் ஒரு பங்கு அளவில் வரைந்த படங்களை, உதாரணமாக உடை வரலாற்று ஆய்வாளர் ஜேனட் ஆர்னால்ட் அருங்காட்சியக உடைகளை அளந்து வரைந்தவற்றை, 800 சதவீதம் பெரிதாக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கட்டமும் சரியாக 1 அங்குலம் வரும். சதவீதத்தை நம்பாமல் கட்டத்தை அளங்கள். நகலின் நகலாக வந்த படத்தில் நீளவாக்கில் ஒரு அளவும் அகலவாக்கில் வேறு அளவும் இருப்பதுண்டு.

### நீளம் சரி, சுற்றளவு மட்டும் பல அங்குலம் குறைந்தால்

தையல் ஓரம் விடாமல் வெட்டியிருப்பீர்கள். பழைய படங்கள் பலவற்றில் தையல் ஓரம் சேர்த்திருக்காது. முன்பாகம், பக்கத்துண்டு, பின்பக்கத்துண்டு, முதுகுத்துண்டு என்று பாதி உடம்புக்கு நான்கு துண்டு உள்ள மேல்சட்டையில் நடுமுதுகுத் தையலையும் சேர்த்து 7 தையல் வரும். தையலுக்கு இரு பக்கமும் அரை அங்குலம் என்றால் மொத்தம் 7 அங்குலம் காணாமல் போயிருக்கும். உங்கள் குறைவு இந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் காரணம் கிடைத்துவிட்டது. அடுத்த முறை இடுப்புக்கு மேலே பக்கத் தையல்களில் 1 அங்குலமே விடுங்கள். பிரித்து விட இடம் இருக்கும்.

### அடுத்தடுத்த இரு துண்டுகளின் தையல் நீளம் ஒத்துவரவில்லை என்றால்

ஹார்ப்பர்ஸ் பஜார் போன்ற அக்காலப் பத்திரிகைகளோடு வந்த பெரிய தாள்களில் பல உடைகளின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்திருப்பார்கள். புள்ளிக்கோடு, உடைந்த கோடு, அலைக்கோடு என்று பிரித்துக் காட்டியிருந்தாலும் பாதி வழியில் பக்கத்துக் கோட்டுக்குத் தாவிவிடுவது சுலபம். ஒரு துண்டை முழுதாக வண்ணப் பென்சிலால் கண்டுபிடித்து முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அளக்கும்போது துணியின் விளிம்பில் அளக்காமல் தையல் விழும் கோட்டில் அளங்கள். வளைந்த முதுகுத் தையலில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். ஒரு விதிவிலக்கு: பின்தோள் முன்தோளைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தால் அது சரியானதுதான். அந்த மிகுதியை முன்தோளோடு சேர்த்துத் தளர்த்தித் தைக்க வேண்டும்.

### சில இடங்கள் பெரிது, சில இடங்கள் சிறிது, ஒரு கணக்கும் பிடிபடவில்லை என்றால்

படத்தில் உள்ள எண்கள் அங்குலமே அல்லாமல் இருக்கலாம். 1880களில் அமெரிக்காவில் விற்ற சில வெட்டு முறைகளில் ஒவ்வொரு மார்பளவுக்கும் தனித்தனி அளவுகோல் இருந்தது. 32 மார்புக்கான கோலில் ஒரு அலகு சிறிது, 40க்கான கோலில் பெரிது. அந்த எண்களைச் சாதாரண ஸ்கேலில் வரைந்தால் உடை ஒரே ஒரு உடம்புக்குத்தான் பொருந்தும். உங்கள் மார்பளவுக்கான கோலை எடுத்து முதலிலிருந்து வரையுங்கள். நீளங்களை மட்டும் அப்புறம் சொந்த அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பொருந்தவில்லையா? அசல் உடை ஒரு குறிப்பிட்ட பெண்ணின் உடம்புக்குத் தைத்தது. அவருக்கும் உங்களுக்கும் மார்பளவில் 4 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பக்கத்தில் கூட்டிக் குறைத்துச் சமாளிக்க வேண்டாம். அளவு மாற்றத் தெரிந்த பேட்டர்ன் மாஸ்டரிடம் கொடுங்கள். அவருக்கு ஆகும் செலவு பட்டுத் துணியின் விலையைவிடக் குறைவு.

## மேல்சட்டையில் இடுப்புக்குச் சற்று மேலே குறுக்குச் சுருக்கம்

அதிகம் பேர் கொண்டுவரும் கோளாறு இதுதான். ஐந்து காரணங்கள் உண்டு. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

கீழ்ப்பொத்தான் இரண்டைத் திறந்து பாருங்கள். இடுப்புக்குக் கீழே உள்ளவற்றைத் திறந்ததும் சுருக்கம் இறங்கி மறைந்தால் இடுப்பெலும்புப் பகுதி இறுக்கம். உள்பாவாடை, பஸில், பாவாடை எல்லாவற்றின் நாடாக்களும் பட்டிகளும் அங்கே குவிந்திருக்கும். அந்தப் பருமன் சட்டையை மேலே தள்ளுகிறது. முதலில் பட்டிகளை மெலிதாக்குங்கள். உள்பாவாடையைச் சுருக்கிட்ட பட்டிக்குப் பதில் தட்டையான பட்டியில் வையுங்கள். அதற்குப் பிறகும் இறுகினால் இடுப்புக்குக் கீழ் மட்டும் பக்கத் தையலைப் பிரித்து விடுங்கள்.

சட்டையைக் கீழே இழுத்துப் பாருங்கள். இழுத்தால் போய், நாலு அடி நடந்தால் திரும்பி வந்தால், உள்ளே இடுப்பு நாடா இல்லை என்று பொருள். அக்காலத்துச் சட்டைகளின் உள்ளே 1 அங்குல அகல நாடா ஒன்று முதுகுத் தையல்களில் மட்டும் பிடித்து, முன்னால் தனியாகக் கொக்கி மாட்டும்படி தைத்திருப்பார்கள். பொத்தான் போடுவதற்கு முன் அதை மாட்ட வேண்டும். சட்டையின் இடுப்பைவிட நாடா ஏறக்குறைய 1 அங்குலம் குறைவாக இருக்கட்டும். இழுவையை எல்லாம் நாடா வாங்கிக்கொள்ளும், பொத்தானில் பாரம் விழாது. மலிவான, ஒரு மாலையில் முடிகிற வேலை. ஆனால் பாதிச் சட்டைகள் இதிலேயே சரியாகிவிடுகின்றன.

உள்ளே புரட்டித் தையல் ஓரங்களைப் பாருங்கள். இடுப்பில் உள்நோக்கி வளைகிற தையலின் ஓரத்தை வெட்டிவிடாவிட்டால் அது வார் போலத் துணியை இழுத்துக்கொண்டே இருக்கும். இடுப்புக் கோட்டில் ஒன்று, அதற்கு மேலும் கீழும் ஒவ்வொன்று என்று தையலுக்கு எட்டில் ஒரு அங்குலம் தள்ளி நிறுத்தி வெட்டுங்கள். குளிக்கும் துண்டு ஒன்றை இறுக்கிச் சுருட்டி அந்த வளைவின் மேல் தையலை விரித்து இஸ்திரி போடுங்கள். தட்டை மேசையில் இஸ்திரி போட்டால் வளைவு செத்துவிடும். வெட்டிய விளிம்புகளை ஊசியால் சுற்றித் தையுங்கள். ஓவர்லாக் வேண்டாம், அது ஓரத்தை விறைப்பாக்கிவிடும்.

விறைப்புப் பட்டைகளைப் பாருங்கள். டாட்டுகளின் (உடம்பின் வளைவுக்காகத் துணியை முக்கோணமாக மடித்துத் தைத்த தையல்கள்) மேலும் பக்கத் தையல்களின் மேலும் பட்டை இருக்க வேண்டும். அன்று திமிங்கிலத்தின் வாயில் உள்ள பலீனைப் பயன்படுத்தினார்கள். இன்று அதற்கு மாற்றாக வரும் செயற்கைப் பட்டையோ சுருள் எஃகோ போதும். மலிவான வரிப் பிளாஸ்டிக் உடம்புச் சூட்டில் வளைந்து, வளைந்த இடத்திலேயே நின்றுவிடும். பட்டை மார்புக்குக் கீழே முடிய வேண்டும், இடுப்பைத் தாண்டிக் கீழே போக வேண்டும். பட்டை நுழையும் உறையை இடுப்புப் பகுதியில் கொஞ்சம் தளர்த்தித் தைத்தால் பட்டை வில்லாக வளைந்து துணியை மேலும் கீழும் இழுத்துப் பிடிக்கும். பட்டை இருந்தும் சுருக்கம் வந்தால் இந்தத் தளர்வு இல்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக இடுப்புக் கோடு. கோர்செட்டின் மேல் மெல்லிய நாடாவைக் கட்டுங்கள். அது தானாக நிற்கும் இடம்தான் உங்கள் இடுப்பு. சட்டையின் டாட்டும் பக்கத் தையலும் மிகக் குறுகுகிற இடம் அதற்குக் கீழே இருந்தால், நீளம் மிஞ்சி மேலே மடிகிறது. அரை அங்குலம் வரை தோள் தையலில் ஏற்றிச் சரிசெய்யலாம். அப்படி ஏற்றினால் கழுத்தையும் கைக்குழியையும் அதே அளவு தாழ்த்த வேண்டியிருக்கும் என்பதால் அதற்கு மேல் போகாதீர்கள். கூடுதல் வித்தியாசம் என்றால் வெட்டுப் படத்தை அக்குளுக்கும் இடுப்புக்கும் நடுவே மடித்துக் குறைத்து, காடாத் துணியில் தைத்துப் பார்த்து, மறுபடி வெட்டுவதுதான் வழி.

### சுருக்கம் வெளித்துணியில் மட்டும், லைனிங் தட்டையாக இருந்தால்

அக்காலத்தில் ஒவ்வொரு துண்டையும் லைனிங்கோடு சேர்த்து நூலோட்டி, இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தைப்பார்கள். நூலோட்டும்போது துணியை மடியில் வைத்திருந்தால் வெளித்துணி நழுவியிருக்கும். மேசையில் தட்டையாக விரித்து, டாட்டின் நடுக்கோட்டிலும் நூலோட்டி, மறுபடி தையுங்கள். இரண்டின் பாவு இழையும் ஒரே திசையில் ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ரவிக்கைக்குச் செய்வது போல லைனிங்கைத் தனியாகத் தைத்து உள்ளே திருப்பிப் போட்டிருந்தால், எவ்வளவு இஸ்திரி போட்டாலும் இந்தச் சுருக்கம் போகாது.

## கையைத் தூக்கினால் சட்டை முழுதும் மேலே வருகிறது

கைக்குழியின் அடிப்பாகத்தைத் தாழ்த்தி வெட்டாதீர்கள். இறுகுகிறது என்றதும் எல்லோர் கையும் அங்கேதான் போகிறது, சட்டை கெடுவதும் அங்கேதான். 1880களின் கைக்குழி சிறியது, அக்குளுக்கு நெருக்கமாக உயரத்தில் இருப்பது. அப்படி இருப்பதால்தான் கை தனியாக அசைகிறது. குழியைத் தாழ்த்தினால் கையோடு பக்கத் தையலும் சேர்ந்து கிளம்பும்.

முதலில் கைகள் இடம் மாறியிருக்கின்றனவா பாருங்கள். அக்காலத்துக் கை இரண்டு துண்டு, முழங்கையில் வளைந்தது. கையைத் தொங்கவிட்டால் வளைவு முன்னோக்கி இருக்க வேண்டும். இடது வலது சரியாக இருந்தும், தோளின் முன்பக்கத்திலிருந்து முழங்கையின் பின்பக்கம் நோக்கிச் சாய்வாக இழுப்புக் கோடு ஓடினால், கையைப் பிரித்து அரை அங்குலம் சுற்றி வைத்து நூலோட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் சுற்றினால் கோடு மறைகிறதோ அதுவே சரியான பக்கம்.

அடுத்து, அக்குளில் குத்துவது தையல் ஓரமாகவும் இருக்கலாம். குழியின் கீழ்ப்பாதியில் மட்டும் ஓரத்தைக் கால் அங்குலத்துக்கு வெட்டிச் சுற்றித் தையுங்கள். இறுக்கம் என்று நினைத்தது பல நேரம் இதுதான்.

மூன்றாவது, தோள் அகலம். 1880களில் கை சேரும் தையல் தோள் முனையின் மேலேயே அமரும், முதுகுத் துண்டு மிகக் குறுகல். நவீனச் சட்டையின் தோள் அகலத்தை அளந்து வைத்திருந்தால் கை தடுக்கும். தையலை உள்ளே கொண்டுபோங்கள். 1850, 60களின் உடை என்றால் கதை வேறு. அப்போது தோள் தையல் வேண்டுமென்றே தாழ்ந்து புயத்தில் விழும், கையை முழுதாகத் தூக்க முடியாது. அது அந்த வெட்டின் இயல்பு, திருத்த ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே குழியைத் தாழ்த்திவிட்டீர்களா? மிச்சத் துணியிலிருந்து பிறைத்துண்டு வெட்டி அடியில் ஒட்டுப் போடுங்கள். இழை ஒத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அக்காலத்தில் எஞ்சிய உடைகளைப் பார்த்தால் அக்குளிலும் பாவாடை மூலைகளிலும் ஒட்டுகள் ஏராளம். துணிதான் விலை உயர்ந்தது, தையல் கூலி மலிவு. ஒட்டுப் போட்டதால் உங்கள் உடையின் மதிப்பு ஒரு துளியும் குறையாது.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் ரவிக்கை தைப்பவரிடம் போகாமல் ஆண்களுக்குக் கோட் தைக்கும் டெய்லரிடம் போங்கள். இரட்டைத் துண்டுக் கையை ஏற்றுவதும், அதைத் தளர்த்தி இஸ்திரியில் உருக்கொடுப்பதும் அவருக்குத் தினசரி வேலை.

## முன்பக்கம் பிளக்கிறது, அல்லது குழிவிழுகிறது

இடுப்பில் மட்டும் பொத்தான் இழுத்தால் உள்நாடாவை மாட்ட மறந்திருப்பீர்கள், அல்லது நாடா தளர்ந்திருக்கும். மார்பில் மட்டும் இழுத்தால் டாட்டின் முனையைப் பாருங்கள். கோர்செட் மார்பை வேறு உயரத்தில் நிறுத்துகிறது. பிரா போட்டு எடுத்த அளவில் வைத்த டாட் அதற்குப் பொருந்தாது. டாட் முனை மார்பின் உச்சிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கீழே முடியட்டும். விளிம்பு அலை அலையாக நின்றால் காஜாவுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பட்டை வைத்தால் போதும்.

மார்புக்கு மேலே, தோளுக்கும் அக்குளுக்கும் நடுவே குழிவிழுந்தால் அங்கே துணியைக் குறைக்க வேண்டாம். அக்காலத் தையல்காரர்கள் அந்த இடத்தில் பஞ்சு வைத்து லைனிங்கில் தைத்துவிடுவார்கள். மெல்லிய பஞ்சு அடுக்கை நடுவில் தடிமனாகவும் ஓரங்களில் கலைந்தும் வைத்துப் பாருங்கள். சட்டையின் முன்பக்கம் முழுதுமே மாறிவிடும்.

## கோர்செட் சரியாக நிற்கவில்லை

பின்னால் கயிறு கட்டும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் 2 அங்குல இடைவெளி இருந்தால் கவலை இல்லை. மேலே விரிந்தால் மார்புச் சுற்று போதவில்லை. கீழே விரிந்தால் இடுப்பெலும்புச் சுற்று போதவில்லை. இரண்டுக்கும் முக்கோணத் துண்டு சேர்ப்பதே வழி. இடுப்பில் மட்டும் குறுகி மேலும் கீழும் விரிந்தால் முதலில் கயிற்றை முழுதும் தளர்த்தி, மேலிருந்தும் கீழிருந்தும் சீராக இழுத்துக் கட்டிப் பாருங்கள்.

கோர்செட் துணியில் குறுக்கு மடிப்பு வந்தால் துணி நீள்கிறது. கூட்டில் என்ற நெருக்க நெசவுத் துணி இதற்காகவே நெய்யப்பட்டது. அது கிடைக்காவிட்டால் இழுத்தாலும் நீளாத கெட்டிப் பருத்தி டிரில்லை இரட்டையாக வையுங்கள். இடுப்பு உயரத்தில் உள்ளே ஒரு நாடாவையும் சேர்த்துத் தைத்தால் நீட்சி நிற்கும்.

ஐலெட் (கயிறு நுழையும் துளையின் வளையம்) பிய்ந்து வந்தால் ஓட்டையைக் குத்தி வெட்டியிருப்பீர்கள். குத்தூசியால் இழைகளை விலக்கித்தான் துளை போட வேண்டும். பிய்ந்த துளையைச் சுற்றி மெழுகிட்ட கெட்டி நூலால் நெருக்கமாகத் தைத்துக் காப்பாற்றலாம். ஐலெட் வரிசையின் இரு பக்கமும் தட்டை எஃகுப் பட்டை இல்லாவிட்டால் மறுபடியும் பிய்யும்.

மூச்சு முட்டினாலோ, தொடையின் வெளிப்புறம் மரத்துப்போனாலோ, கூரிய வலி வந்தாலோ உடனே கழற்றுங்கள். இடுப்பெலும்பின் முன்புறம் அழுத்தினால் அந்த வழியாகத் தொடைக்குப் போகும் நரம்பு நசுங்கி மரத்துப்போகும். கழற்றிய பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். புதிதாக ஒன்று வேண்டுமானால் உங்கள் உடம்பை நேரில் அளந்து தைக்கும் கோர்செட் கைவினைஞரிடம் போங்கள். இந்த ஒன்றில் மட்டும் கையிருப்பை வைத்துச் சமாளிக்காதீர்கள்.

## பாவாடையின் விளிம்பு பின்னால் தூக்குகிறது

முதலில் வருடத்தைப் பாருங்கள். முதல் பஸில் காலம் ஏறத்தாழ 1869 முதல் 1876 வரை. 1877 முதல் 1882 வரை பின்புறம் அடங்கி, பாவாடை உடம்போடு ஒட்டி விழுந்தது. 1883 முதல் 1889 வரை இரண்டாம் பஸில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பின்னால் நீண்டு நின்றது. 1880இன் பாவாடையை 1886இன் பஸிலின் மேல் போட்டால் பின்விளிம்பு தூக்காமல் என்ன செய்யும்? அதற்குரிய பஸிலை மாட்டினாலே பாதிக் கோளாறு தீரும்.

வருடம் ஒத்திருந்தும் தூக்கினால், பஸில் செய்து முடிப்பதற்கு முன்பே விளிம்பு மடித்திருப்பீர்கள். முன்பக்கத்தையும் பக்கங்களையும் இடுப்புப் பட்டியில் கொஞ்சம் உள்ளே இழுத்துப் பின்பக்கத்தோடு சமப்படுத்த முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் பின் விளிம்பில் ஃபிரில் சேர்க்கலாம். அக்காலத்தில் ஃபிரில் இல்லாத பாவாடை அபூர்வம் என்பதால் யாருக்கும் உறுத்தாது. பின்துண்டையே மாற்றுவது கடைசி.

பஸில் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் பட்டியை இறுக்குங்கள். எஃகு வளையங்களை உள்ளிருந்து இழுத்துக் கட்டும் நாடாக்கள் இரு பக்கமும் ஒரே நீளமா என்று அளங்கள். வளையங்களின் கோடு வெளியே தெரிந்தால் ஃபிரில் வைத்த பருத்தி உள்பாவாடை இன்னொன்று போடுங்கள். பாவாடை காலைச் சுற்றினால் உள்பாவாடை பாலியஸ்டரா என்று பாருங்கள், அதுதான் ஒட்டுகிறது. பருத்திக்கு மாறிய பிறகும் சுற்றினால், உள்ளே இரு பக்கத் தையல்களிலும் நாடா தைத்துப் பின்னால் ஒன்றோடொன்று கட்டுங்கள். முன்பக்கம் தட்டையாகிவிடும், பருமன் எல்லாம் பின்னால் போய்ச் சேரும். விளிம்பின் உட்புறம் 6 அங்குல அகலத்துக்குக் கெட்டிப் பருத்தியை வைத்துத் தைப்பதும் உதவும்.

## அசல் பழைய உடை கைக்கு வந்தால்

அளந்து பார்க்கலாம், படம் வரையலாம். பிரிக்காதீர்கள், போட்டுப் பார்க்காதீர்கள், துவைக்காதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பட்டுகள் பலவற்றில் எடை கூட்டுவதற்காக உலோக உப்புகளை ஏற்றினார்கள். அவை மடிப்புக்கு மடிப்பு நாராகக் கிழியும், நீரோ இஸ்திரியோ பட்டால் இன்னும் மோசமாகும். அக்காலப் பச்சை நிறங்கள் சிலவற்றில் ஆர்சனிக் இருந்தது. நல்ல பளீர்ப் பச்சை உடை கிடைத்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், உதறாதீர்கள். கிழிசலை ஒட்டவோ தைக்கவோ முயலாமல், அமிலமற்ற தாளில் தளர்வாக மடித்து வைத்து, அருங்காட்சியகத்தின் துணிப் பாதுகாப்பு நிபுணரிடம் கேளுங்கள்.